நடுவில் யார்

முதலில் பெயர் வைக்கத் தெரியவில்லை.
'தொடர்பு' என்றால் தொலைபேசி எண் கேட்பதுபோல் இருந்தது.
'இணைப்பு' மின்வாரியம்.
கடைசியில் 'உறவு' என்றே தட்டினேன்.
உறவு, சாய்கோடு, இந்த ஐடி, சாய்கோடு, அந்த ஐடி.
இரண்டு பதிவுகளைக் கொடுத்தால்
நடுவில் யார் யார் என்று சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் டெண்டரில் இருந்தது.

மண்டபம் அலுவலகத்தில்
வடகடல் ஜன்னலில், தென்கடல் கழிவறைப் பக்கம்.
பதினோராயிரம் பதிவுகள்:
படகு, உரிமையாளர், டீசல் அட்டை, ஐஸ் பாக்கி, ஜாமீன்.

முதல் ஓட்டத்திலேயே சர்வர் படுத்துக்கொண்டது.
எமரிட் ஐஸ் கம்பெனிக்குத் தரவேண்டும்,
ஐஸ் கம்பெனி ஹபீப் நிஷாவுக்கு,
ஹபீப் நிஷா, தம்பி படகுக்காக, எமரிட்டுக்கு.
கூட்டுக்குள் போன நண்டுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.
ஒருமுறை பார்த்த ஐடியை மறுபடி பார்க்காதே என்று
ஒரு வரி சேர்த்தேன்.
கடன்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

எத்தனை தாவல் வரை உறவு?
வரம்பில்லாமல் விட்டால்
பாம்பனில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை,
எதைக் கேட்டாலும் ஆம் என்றே வரும்.
ஒன்றோடு நிறுத்தினால் தாலியும் பத்திரமும்தான் மிஞ்சும்.
நான்கு என்றார் ஆய்வாளர் சகாயராணி.
ஏன் நான்கு?
"அஞ்சாவது ஆளு கூப்பிட்டா நான் போனே எடுக்கமாட்டேன்."

அம்புக்குத் திசை வேறு இருந்தது.
ஜாமீன் போட்டவர் பதிவில் கடன் வாங்கியவர் இருக்கிறார்,
வாங்கியவர் பதிவில் அந்த இடம் காலி.
இரு பக்கமும் தேடு என்று எழுதினேன்,
அரை மனசாக.

நேற்று சோதனைக்கு 2290ஐக் கொடுத்தேன்.
நம்புவேல். கூலிக்கு ஏறியவர்.
ஐப்பசியில் படகு திரும்பியது, அவர் திரும்பவில்லை.
நானூற்று நான்கு என்றது திரை. கிடைக்கவில்லை.

பிழை என்னுடையது.
இணைப்பில்லாத பதிவை
ஆளே இல்லை என்று சொல்லும்படி எழுதியிருந்தேன்.
கணக்கெடுப்பில் பெயர் உண்டு.
எந்தப் படகிலும் அவரை ஏற்றி எழுதவில்லை,
அட்டை கிடையாது, பாக்கிகூடக் கிடையாது.
பாக்கி வைக்கும் அளவுக்கு யாரும் நம்பியதில்லை போல.

திருத்தினேன்.
இப்போது இருநூறு வருகிறது. சரி என்று பொருள்.
உள்ளே ஒரு ஐடி, ஒரு பெயர்,
பிறகு இரண்டு சதுர அடைப்புக்குறிகள்
ஒட்டி நிற்கின்றன.

"இது எரரா தம்பி?"
இல்லை மேடம், பதில்தான்.
சகாயராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
"அந்தப் படகு நம்பர் எனக்குத் தெரியும்.
இதுல போட்டுவிட முடியுமா?"

இது தேடுவதற்கு மட்டும், மேடம்.
சேர்ப்பதற்கு வேறொன்று எழுத வேண்டும்.
டெண்டரில் அது இல்லை.