தொண்ணூறு நாள் செல்லும்

கிச்சனர் நகரசபைக் கந்தோரில்
கல்யாண அனுமதிப் பத்திரம் கொடுக்கும் யன்னல் என்னுடையது.
பவளராணி என்ற பேருக்குப் பலகையில் இடம் போதாமல்
ராணி என்று மட்டும் பொறித்துத் தந்தார்கள்.
பதினொரு வருசமாய் ராணி வேலைதான் பார்க்கிறேன்:
யார் யாரைக் கட்டலாம் என்று சரிபார்த்து
முத்திரை குத்துவது.

இந்த ஊருக்கு முன்பு பெர்லின் என்று பேராம்.
பக்கத்து யன்னல் லோரீன் ஷான்ட்ஸ் சொன்னாள்.
போர் வந்தபோது
ஜெர்மன் பேரரசன் ஒருவனின் வெண்கலத் தலையைப்
பூங்காக் குளத்தில் எறிந்தார்கள்.
பிறகு வாக்கெடுத்து ஊர்ப்பேரையே மாற்றினார்கள்.
அவளுடைய பூட்டன் அன்றிலிருந்து
கோழிகளோடு மட்டும் ஜெர்மன் பேசினாராம்.

"மோதிக்கொண்ட இரண்டு அரசர்களும் கசின்ஸ், தெரியுமா?" என்றாள்.
அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.
கேட்டுக் கேட்டு முறையைப் பிடித்தேன்.
ஒருவனின் தாயும் மற்றவனின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள்.
அடி, அது மச்சான்!
கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் இருந்து
ஒருவன் இலையில் மற்றவன் பாயசம் ஊற்றவேண்டிய முறை.
அந்த முறைக்காரர் இரண்டு பேருக்காகவா
அத்தனை பிள்ளைகள் சேற்றில் கிடந்தார்கள்?

அதிலிருந்துதான் இந்தப் பழக்கம்.
மத்தியானம் ஆள் வராத நேரம்
பிழைத்துப்போன விண்ணப்பத் தாள்களின் பின்பக்கம்
கோடு கீறுவேன்.

லண்டன் பெண்ணைப் பெர்லினுக்குக் கொடாமல்
லிஸ்பனுக்குக் கொடுத்துப் பார்த்தேன்.
லிஸ்பன்காரர் ஒருகாலம்
மகளோடு பம்பாயையும் கொடுத்து அனுப்பியவர்கள்.
மாற்றுச் சம்பந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.
சீதனம்?
யாழ்ப்பாணத்தை எழுதினேன்.
அவர்கள் முன்பு ஆண்ட மண்தானே,
உறுதி மாற்றுவது சுலபம்.

பெர்லினில் மருமகன் பிறக்கவில்லை.
போர் இல்லை.
குளத்தில் வாத்துகள் மட்டும்.
வெளியே ரயில்வண்டி நெற்றியில் பெர்லின் என்று எரிகிறது,
லோரீனின் பூட்டன் மனிதர்களோடும் பேசுகிறார்.

இக்கரை சரி. அக்கரை?
அலுமாரி, சாவி, யன்னல், மேசை
ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருக்கின்றன.
மிச்சச் சொற்கள் கப்பலில் வந்திறங்கின.
கொழும்பு வேறு நாடு.
எண்பத்துமூன்றாம் ஆண்டு யூலை
வெயில் கொஞ்சம் கூடின ஒரு மாதம், அவ்வளவுதான்.
என் மாமன் மகன் தயாபரன்
ஆனையிறவுப் பக்கம் போகவே இல்லை.
லிஸ்பனில் கணக்குப் படிக்கிறான்,
மத்தி மீன் விற்கும் ஒருத்தியைக் கட்டுகிறான்.

பாருங்கள்,
என் கையால் எழுதிய சரித்திரத்திலும்
அவன் என்னைக் கட்டவில்லை.

போகட்டும், உயிரோடு இருந்தானே என்று
அடுத்த கோட்டை இழுத்தால்
அந்த அரசுக்கும் வேறொரு கரையில் சண்டை.
அங்கோலாவுக்கு ஆள் எடுக்கிறார்கள்,
யாழ்ப்பாணத்துப் பெடியன்களை முதலில்.
அழித்தேன்.
டென்மார்க்குக்குக் கொடுத்தேன், அழித்தேன்.
கன்னியாகவே வைத்திருந்து பார்த்தேன்,
தங்கைமார் வரிசையில் நின்றார்கள்.
எந்தச் சம்பந்தத்திலும்
ஒரு தீவு தாலிக்கொடியில் தொங்கிக்கொண்டுதான் வந்தது.

நேற்று மூன்றரை மணிக்கு ஒரு சோடி.
தோளில் உருகாத பனி.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
அவன் கிச்சனர் என்று எழுதினான்.
அவள் பெர்லின் என்று எழுதினாள்.
"எந்தப் பெர்லின்?" என்று கேட்டுவிட்டேன்.
அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்,
"வேறொன்று இருக்கிறதா?"

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமை.
ராசாமாருக்குக் கொடுக்காத இரண்டு கேள்வி
இவர்களுக்கும் என் பாரத்தில் இல்லை.
யாருடைய நிலம், எந்தப் படை என்று
நான் கேட்கத் தேவையுமில்லை.
அவர்களிடம் இருந்தது
நனைந்த ஒரு குடை, அதுவும் கடன் வாங்கியதாம்.

முத்திரையை ஊதிக் காயவைத்தேன்.
"தொண்ணூறு நாள் செல்லும்" என்றேன்.
"அதற்குப் பிறகு?" என்றான் அவன், பயந்து.
"திரும்ப வாருங்கள், புதிதாக எழுதலாம்."