முருங்கை ஒன்று, பதினெட்டு ரூபாய்

ஒட்டன்சத்திரம் லாரி
காரைக்குடி எல்லைக்குள் வந்து
கல்லுக்கட்டித் திருப்பத்தில் கியர் மாற்றும்போதே
பாரம் எவ்வளவென்று தெரிந்துவிடும் எனக்கு.
முனகினால் வரத்துக் கூடுதல்.
இன்று முனகவில்லை.
விடியற்காலை மூன்று மணி, மார்கழி,
கொஞ்சம் ஓடியேதான் வந்தது.

வயிரவன் மண்டியில் பலகை எழுதுகிறவள் நான்.
சீமைச்சுண்ணாம்பு ஒரு கையில்,
ஈரத்துணி ஒரு கையில்.
எட்டு வருஷத்தில் எழுதியதைவிட
அழித்ததுதான் அதிகம்.

விலை ஏறப்போவதை
எண்ணுக்கு முன்னால் அளவு சொல்லிவிடும்.
பங்குனியில் முருங்கை கட்டுக்கட்டாய் இறங்கும்,
கட்டுக்கு எத்தனை காய் என்று கேட்பவன் கிறுக்கன்.
ஆவணியில் அதுவே கிலோ.
மழையும் பனியும் பூவை உதிர்த்தபின்
வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல்
ஒவ்வொரு காயாய் எண்ணுவோம்.

புரட்டாசியில்
கறிக்கடை சிக்கந்தர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு
எங்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.
கத்தரிக்காய் மூட்டை அவரைத் தாண்டிப் போகும்,
புதுப்பணக்காரன் நடையில்.
"இருடீ, ஐப்பசி வரட்டும்" என்பார் அதைப் பார்த்து.

தை பிறந்தால் வேறு கூத்து.
கானாடுகாத்தானில் பூட்டிக்கிடந்த வீடொன்று திறக்கும்.
கார்கள் வரும். பந்தல் வரும்.
சமையல்காரர் மாணிக்கவாசகத்தின் சீட்டு வரும்:
சின்ன வெங்காயம் அறுபது கிலோ,
பரங்கி முப்பது, இலை ஆயிரத்து இருநூறு.
நான் வெங்காயத்தைத் துடைத்து
எட்டு ரூபாய் கூட்டி எழுதுவேன்.
அரியக்குடி ரோட்டில் கூடை வைக்கும் பஞ்சவர்ணம்
இடுப்பில் கைவைத்துப் பலகையைப் படிப்பாள்.
"அவுக வீட்டுக் கல்யாணத்துக்கு
நான் எதுக்குடி மொய் எழுதணும்?"

பதில் இல்லை என்னிடம்.
ஐந்து கிலோ கேட்டவள் மூன்று வாங்கிப் போவாள்.

போன சித்திரையில் தக்காளி பெட்டி எழுபது.
அதில் வாடகை முப்பத்தைந்து,
ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன்.
பறிகூலி அவர்கள் பாடு.
கேதையுறும்பு நாட்ராயன் ராத்திரி போன் போட்டார்.
"தங்கச்சி, நாளைக்கு ஏத்தட்டுமா?"
பலகையில் எழுதுவது சுலபம்.
பின்னால் அவர் வீட்டில் யாரோ இருமினார்கள்.
"ஏத்தாதீங்கண்ணே" என்றேன்,
முதலாளிக்குத் தெரியாமல்.

அவர் ஏற்றவில்லை.
பழத்தோடு காட்டில் மாட்டை அவிழ்த்துவிட்டாராம்.
மறுவாரம் பெட்டி நூற்றுத்தொண்ணூறு.

எந்தெந்த மண்டியில் எந்தெந்தத் தங்கச்சி
எத்தனை அண்ணன்களுக்கு
"ஏத்தாதீங்க" சொன்னாளோ.
நாங்கள் சொன்னதே
விலையாய்த் திரும்பி வந்ததோ என்னவோ.

ஐப்பசி அடைமழையில் பெட்டி ஆயிரத்து நூறு.
அந்த நான்கு இலக்கத்தை எழுத
பலகையில் இடம் போதாமல்
பீர்க்கங்காயை ஓரம் தள்ளினேன்.
நாட்ராயன் அப்போது மக்காச்சோளம் போட்டிருந்தார்.
அவர் கூப்பிடவில்லை. நானும்தான்.

இன்று
ஓடி வந்த லாரியின் மூலையில்
பழைய உரச்சாக்கு ஒன்று.
பேனாவால் பெயர்: நாட்ராயன், கேதையுறும்பு.
உள்ளே இருபத்துமூன்று முருங்கைக்காய்.
கிணற்றடி மரமாம், டிரைவர் சொன்னார்,
அதுமட்டும் எப்படியோ காய்த்ததாம்.

"பதினாறு போடு" என்றார் முதலாளி, கொட்டாவிக்கு நடுவே.
பதினெட்டு என்று எழுதினேன்.
அவர் பலகையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
டீ கொண்டுவரச் சொன்னார்.

வெளுக்கும் முன்னே விற்றுத் தீர்ந்தது.
கடைசி நான்கு பஞ்சவர்ணத்துக்கு.
எழுபத்திரண்டை இரண்டு முறை எண்ணித் தந்தாள்.
"நல்லா இருப்படி நீ" என்றாள்,
வாழ்த்து இல்லை அது.

சாயங்காலம் அரியக்குடி ரோட்டில்
அவள் கூடையைக் கடந்தேன்.
காயை மூன்றாய் முறித்து
துண்டு பத்து ரூபாய் என்று கூவிக்கொண்டிருந்தாள்.
ஒன்று வாங்கினேன்.
பேரம் பேச வாய் வரவில்லை.