ஆயிரத்து எண்ணூறு

வீட்டில் சொன்ன விலை ஆயிரத்து எண்ணூறு.
உண்மை விலை
எனக்கும் வங்கிக்கும் மட்டும் தெரியும்.
மாதம் ஐந்தாம் தேதி காலையில்
ஒரு குறுஞ்செய்தி வந்து
பொய்யை நினைவூட்டிவிட்டுப் போகும்.
இன்னும் ஏழு தவணை.

பழவந்தாங்கலில் எங்கள் வீடு.
விமானம் இறங்கும்போது
பேச்சைப் பாதியில் நிறுத்தி
அது போனபின்
விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம்.
சண்டையும் அப்படித்தான்.

முதல் நாள் இதை மாட்டிக்கொண்டு
மொட்டைமாடியில் நின்றேன்.
தலைக்கு மேல் அவ்வளவு பெரிய வயிறு
ஒரு பெருமூச்சாகக் கடந்தது.
கொடியில் கிளிப்புகள் மட்டும் நடுங்கின.

பாட்டு கேட்பதில்லை என்றால் நம்பமாட்டார்கள்.
இரண்டு நாள் கேட்டேன்.
பிறகு வெறுமனே மாட்டிக்கொண்டேன்.
முறுக்கு கடித்தால்
தலைக்குள் யாரோ ஓடு பிரிக்கிறார்கள்.
நடந்தால் மேல்வீட்டில் ஆள் நடமாட்டம்;
அது நான்.
சார்ஜ் குறைந்தால் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் சொல்லும்.
கிளெய்ம் பிரிவில் நாள் முழுக்க
என்னிடம் யாரும்
அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

இதைச் செய்தவர்கள்
மே மாதத்தில் சென்னைக்கு வந்திருக்க மாட்டார்கள்.
காதைச் சுற்றி இரண்டு குளம்.
மெத்தையின் தோல் உரிந்து கன்னமெல்லாம் கறுப்பு.
ரிச்சி தெருவில் வேறு மாட்டித் தந்த பையன்
"ஒரிஜினல் இல்ல, ஒரிஜினலவிட நல்லாருக்கும்" என்றான்.
அதையும் நம்பினேன்.

தண்ணீர் லாரி ஹாரன் ஒரு தடவை கேட்கவில்லை.
கீழ்வீட்டு நசீமா இரண்டு குடம்
வாசலில் வைத்துவிட்டு ஏதோ சொன்னாள்.
உதட்டைப் படித்தவரையில்
நல்ல வார்த்தை இல்லை.

ஒரு ராத்திரி
சமையலறை வாசலில் முகுந்தன் வாயசைத்தான்.
இரு, விமானம் போகட்டும் என்று
கை காட்டினேன்.
விமானம் எதுவும் இல்லை.

மாலை ரயிலில் கிண்டியில் ஏறுகிற அக்கா
தினமும் என்னிடம் ஏதோ கேட்பார்.
தினமும் தலையாட்டுவேன்.
இரண்டு மாதமாக
எதற்குச் சம்மதித்துக்கொண்டிருக்கிறேனோ.
நேற்று தோளைத் தட்டினார்.
கழற்றினேன்.
"என்ன பாட்டும்மா?"
"பாட்டு இல்லக்கா. சத்தம் கேக்காம இருக்க."
"சும்மா இருக்கவா?"
"ஆமா."
"குடு."

பெயர் அமலோற்பவம்.
எஸ்டேட்டில் பவர் பிரஸ், பதினாறு வருஷம்.
காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு
ஒரு நாளைக்கு நாலாயிரம் வாஷர்.

பூ நசுங்காமல் பட்டையை முன்னால் தள்ளி
நானே மாட்டிவிட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
பரங்கிமலை போனது.
பிறகு
பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில்
"எல்லாம் நின்னுடுச்சும்மா!
மெஷின் மட்டும் ஓடுது!"
சமோசாக்காரர்கூட நின்றுவிட்டார்.
"இத நிறுத்த எந்த பட்டன்?"

மொத்தம் மூன்று பட்டன்.
ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
"யாரோ பொம்பள இங்கிலீஷ்ல பேசுறா" என்றார்.
"நல்லாத்தான் பேசுறா.
மெஷின் நிக்கல. பரவால்ல,
கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

பழவந்தாங்கல் வந்தது, போனது.
மீனம்பாக்கம். திரிசூலம்.
அவருடைய டிபன் பை என் மடியில்.
கூரையை உரசுகிற மாதிரி ஒரு விமானம் இறங்கியது.
எதிர்ச் சீட்டுக் குழந்தை காதைப் பொத்தியது.
அவர் நிமிரவில்லை.
நான் முழுசாகக் கேட்டேன்.

பல்லாவரத்தில் கழற்றித் தந்தார்.
காதில் பட்ட இடத்தைச்
சேலை முந்தானையால் துடைத்துவிட்டு
"எவ்வளவும்மா இது?" என்றார்.

ஆயிரத்து எண்ணூறு என்றேன்.