ஆதரவு நிறுத்தப்பட்டது

காசு கட்டி வாங்கிய படம்
ஒரு ராத்திரியில் செயலியை விட்டே போய்விட்டது.
வாங்கியதாம். வாடகை என்றே சொல்லியிருக்கலாம்.
அன்றிலிருந்து டிஸ்க்கில் இருப்பதை மட்டும் நம்புகிறேன்,
ராயபுரத்து உப்புக்காற்று அரித்தாலும்.
துரு யோக்கியமானது:
புது மாடல் வந்துவிட்டதென்று
அது கடிக்க ஆரம்பிப்பதில்லை.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் கன்டெய்னராய்ப் புதுசு போகிறது.
பழசு கொடுங்கையூரில் புகைகிறது.
நடுவில் என் மூன்று டிராயர்.
"இந்த வயரையெல்லாம் எடைக்குப் போடு" என்பாள் ஜெசிந்தா.

நேற்று விசைப்படகு தேசப்பன் வந்தான்,
துண்டில் சுற்றிய ஜிபிஎஸ்ஸோடு.
திரை செத்துக்கொண்டிருந்தது. உள்ளே
இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்:
எந்தப் பாரில் வஞ்சிரம், எங்கே வலை கிழியும்.
கம்பெனி கைகழுவி ஏழு வருஷம்.

இரண்டாவது டிராயர். ஒன்பது முள் வயர். பொருந்தியது!
ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

வயர் பேசியது.
லேப்டாப்புக்குத்தான் அந்தப் பாஷை மறந்திருந்தது.

கடைசியில் அவன் திரையைச் சாய்த்துச் சாய்த்து வாசிக்க
பையனின் கணக்கு நோட்டில் எழுதினேன்.
நூற்று நாற்பதில் அணைந்தது.

"மிச்சம் எழுபத்திரண்டு?"

"கடல்லதான் இருக்கு" என்றான்,
வெறும் துண்டை உதறித் தோளில் போட்டபடி.