தடுப்பின் இடப்பக்கம்

வலப்பக்கம் எனக்குச் சொந்த வீடு.
மரத்தடுப்பின் வலது விளிம்பில்
வலக்கையால் ஆறு குண்டு.
ஐம்பது கெஜத்துக்கு அப்பால்
ஆறு துளையையும் ஓர் உள்ளங்கை மூடிவிடும்.

ஆனால் விதி இரண்டு பக்கமும் கேட்கிறது.
இடப்பக்கத்திலிருந்து இடக்கையால் ஆறு.
அங்கே நான் வாடகைக்குக்கூட இல்லை.
யாரோ வீட்டு இருட்டில்
சுவிட்சைத் தடவிக்கொண்டிருப்பவள்.

லூலியோவில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
பன்னிரண்டு குளிர்காலம்
வலக்கை நெம்புகோல்களோடு மல்லுக்கு நின்றது.
இடக்கை ஸ்டியரிங் மேல்
டிக்கெட் எடுக்காத ஆள்போல் சும்மா வந்தது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன்:
சாய்ந்தேன்.
தடுப்பு இருப்பது பின் எதற்காம்?
கட்டைவிரலைக் கொக்கியாக்கி விளிம்பைக் கவ்வி
தோளின் பாரம் முழுக்க மரத்தில் இறக்கினேன்.
குறிமுனை
கொதிக்கும் பானையின் மூடியாய்த் துள்ளியது.
ஒருமுறை தாங்குகையின் விரல்
சிலிண்டர் இடுக்குக்குப் பக்கத்தில் போய்விட்டது.
தீ நக்கிய கோடு இன்னும் இருக்கிறது,
குளிரில் மட்டும் வலிக்கும்.

மருந்துக்கடை வெண்டேலா சொன்னாள்
(அவளும் நானும் ஒரே பிரிவு,
அதனால் அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்புவேன்):
"நீ மரத்தைத் தள்ளுகிறாய்.
மரம் உன்னைத் தள்ளுகிறது."

அவள் சொன்னது தப்பென்று காட்டத்தான்
தடுப்பின் பின்புறக் குறுக்குச் சட்டத்தில்
தெர்மாஸ் மூடி நிறையக் காப்பி வைத்தேன்.
சாய்ந்தேன். காப்பியில் வளையம்.
மூச்சை நிறுத்தினேன். மறுபடி வளையம்,
சீராக, நிமிடத்துக்குத் தொண்ணூறு.
அது என் நாடி.
என் நெஞ்சைக் கொண்டுபோய் மரத்தில் மாட்டிவிட்டு
மரம் ஆடுகிறதென்று
மூன்று வருடமாகத் திட்டியிருக்கிறேன்.

காப்பியை வெண்டேலா குடித்துவிட்டாள்.

பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க
குளியலறைக் கதவு நிலைதான் எனக்குத் தடுப்பு.
ரிவால்வரில் குண்டில்லை, மூன்று முறை பார்த்தாயிற்று.
பாதத்திலிருந்து ஆரம்பித்தேன்.
இடது பாதத்தை ஒரு சாண் வெளியே நகர்த்தியதும்
உடம்பு தானாக விளிம்புக்கு வந்தது.
பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல்
இடுப்பை ஒடிக்க வேண்டியதில்லை.
வலக்கை முட்டிகள் மரத்தில் படட்டும், பிடிக்க வேண்டாம்.
பேருந்தில் அடுத்த இருக்கைக்காரர் தோள் படுமே,
அவ்வளவு.
மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்,
உறவு கொண்டாடவும் வேண்டாம்.

விசை நீளமானது, முரடு.
இடது சுட்டுவிரல் அதைக்
கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல் இழுத்தது,
பாதியில் நிற்காமல்,
பாதியில் யோசிக்காமல்.
க்ளிக். க்ளிக்.
உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்த சிக்ஸ்டன்
"முடிந்ததா, நான் வெளியே வரலாமா?" என்பார்.

ஜூன். படுக்கப் போகாத சூரியன்.
கொசுக்கள் காதுமூடிக்குள்ளும் பாடின.
உட்கார்ந்து ஆறு, படுத்து ஆறு,
எழுந்து தடுப்புக்கு, இடப்பக்கம்.
பாதம். முட்டி. வாளி.
பத்து, பத்து, பத்து,
கொசு ஒன்று இமையில் உட்கார்ந்ததால் ஒன்பது,
பத்து, பத்து.
மரம் மரமாக நின்றது.

சந்தோஷம் எவ்வளவு கனம் என்று
அப்போதுதான் தெரிந்தது.
அதையும் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் மாறினேன்.
சொந்த வீட்டில் யார் வாசற்படி பார்த்து நடக்கிறார்கள்?
சாய்ந்துவிட்டேன்.
ஒரு ஏழு.

வெண்டேலா இரண்டு புள்ளி முன்னால்.
கைகுலுக்கும்போது
"இடது நன்றாயிருந்தது" என்றாள்.
இதை மட்டும் முழுசாக நம்பினேன்,
அதனாலேயே கோபம் வந்தது.

வீட்டில் சிக்ஸ்டன் கதவு நிலையைத் தடவிப் பார்க்கிறார்.
இடப்பக்கம் நெஞ்சுயரத்தில்
பெயிண்ட் உரிந்து பைன் மரம் தெரிகிறது.
வலப்பக்கம் கடையில் வாங்கியபடி வெள்ளை.
"சனிக்கிழமை பெயிண்ட் வாங்கட்டுமா?"

இன்னும் வேண்டாம் என்கிறேன்.