இரண்டு மீட்டர் தள்ளி

உர்மாஸ் குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.
சுவர்க்கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக்
குளியலறையில் வைத்தான்.
நாயை வெளியே விட முடியாது, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு;
படுக்கையறையில் போட்டு அடைத்தான்.
என்னை மட்டும் கேட்டுக்கொண்டான்:
"ஹெல்வெ, பத்து நிமிஷம் மூச்சை மெல்ல விடு."

தார்த்து நகரம், நான்காம் மாடி, பிப்ரவரி.
சோஃபாவின் நடுவில் கேமரா முக்காலி,
அதன் தலையில் சுண்டுவிரல் போல ஒரு மைக்.
என் காது உயரம் வந்ததும் திருகி நிறுத்தினான்.
நடுவில் நாங்கள் உட்காருவதே இல்லை.
அது நாயின் இடம்.

ரைவோவிடம் இரவல் வாங்கிய லேசர்
சிவப்புப் பொட்டு வைத்து வைத்துப் படித்தது.
முன் இடது 2.84.
ரேடியேட்டர் குழாய் வழிவிடாததால் முன் வலது 2.61.
பின் வலது வெறும் 1.20, திரும்பினால் தோளில் இடிக்கும்.
"மீட்டருக்கு மூன்று மில்லிசெகண்ட்" என்றான்
பஸ் கட்டணம் சொல்வதுபோல.
பதினோரு வருஷம் டிக்கெட் எந்திரம் பழுது பார்த்தவன்.

தொலைவில் இருப்பதை விரட்ட முடியாதாம்,
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துவைக்கலாமாம்.
பொறு, பொறு,
நாலரை, நாலே முக்கால், ம், இப்போது போ.
பந்திக்கு முந்தியவனுக்கு இந்த வீட்டில் இலை இல்லை.

பிறகு அந்த ஊளை:
தரைக்கு அடியில் தொடங்கிக்
காது தாண்டி மேலே போகும் ஒற்றை இழை.
படுக்கையறையிலிருந்து நாய் பதில் சொன்னது.
மறுபடியும்.
மூன்றாம் முறை கீழ்வீட்டு மெய்தா
கரண்டியால் குழாயில் தட்டினாள்;
வரைபடத்தில் அதுவும் ஒரு முள்ளாக விழுந்தது.

மூலையில் சப்வூஃபர். டேப் வைத்தால் 1.90.
எந்திரம் எழுதியது 4.30.
"பொய்" என்றேன்.
"இல்லை. உள்ளே வாங்கி, வடிகட்டி, அப்புறம்தான் வாய் திறக்கும்.
இருக்கிற இடம் வேறு, கேட்கிற இடம் வேறு."
அந்த எண்ணைத் தொடவில்லை.
மற்ற ஐந்தையும் அதற்காகக் காக்கவைத்தான்.

நான் வலக்காதைத் தொட்டேன்.
நவம்பரில் மருத்துவமனையில் மாட்டியது, பட்டாணி அளவு.
அதுவும் வாங்கி, வடிகட்டித்தான் தருகிறது.
ஆறு மில்லிசெகண்ட் என்றாள் அங்கிருந்த பெண்,
காலணி அளவு சொல்லும் குரலில்.
"அப்போ எனக்கு?"

பென்சிலைக் கடித்தான்.
இரண்டு மீட்டர். ஒரு விரற்கடை கூட.
என் தோளிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே போனான்,
சமையலறை நிலையில் முட்டி நின்றது.
அங்கே இருக்கிறது என் வலக்காது.
கோட் கொக்கிக்குக் கீழே,
ஈர பூட்ஸுகளுக்கு மேலே,
மூன்று மாதமாக நின்ற வாக்கில்.

சிரித்தோம். அவன் முதலில் நிறுத்தினான்.
மெனுவில் மேலும் கீழும் தேடினான்.
ஆறு பெட்டிக்கு ஆறு கட்டம், அவ்வளவுதான்.
எதைத் தாமதித்தாலும்
என் இரண்டு காதுக்கும் சேர்த்தே தாமதம்.
நோட்டில் மட்டும் எழுதினான்,
சப்வூஃபருக்கு அடுத்த வரியில், அதே கையெழுத்தில்:
ஹெல்வெ, வலது, 2.06.

இரவு ஒரு படம் போட்டோம். மழை வந்தது.
நடுவிலிருந்த நாய் தலையைத் தூக்கிக்
கூரையைப் பார்த்தது.
எனக்கு இடப்பக்கம் முதலில் நனைந்தது.
உர்மாஸ் என்னவோ கேட்டான்.
நான் திரும்பி முடிக்கும்வரை
அடுத்த சொல்லை வாயில் வைத்திருந்தான்.

காலையில் சமையலறைத் தரையெல்லாம் சிவப்பு.
குளிர்பெட்டியை மறந்துவிட்டிருக்கிறோம்.
செப்டம்பரில் காட்டில் முதுகு ஒடியப் பறித்த
நாலு கிலோ லிங்கன்பெர்ரி.
பால்கனியில் எறிந்திருந்தாலாவது கல்லாகக் கிடந்திருக்கும்.
இரவெல்லாம் நகர்ந்து நகர்ந்து
கதவு நிலைவரை வந்து
பூட்ஸுகளைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது.