பகர அடைப்புக்கு அடியில்

ஃபரோ தீவில், கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்,
மீன்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் அறை.
போகுமீவாவுக்கு இரவு முறை.
படகுக்காரர் தொலைபேசியில் பெயர் சொன்னார்:
ஹேயின்.
போலந்துக் காது கேட்டதைப்
போலந்து விரல் அடித்தது: Hejin.
நாற்பது பெட்டியிலும் அதே.

ஒரு மணி நேரத்தில் நாற்பதும் திரும்பி வந்தன.
மேல்பெட்டியில் மார்க்கர் பேனாவால்
அட்டை கிழியும்படி ஓர் எழுத்து: ð.

"இதற்கு என்ன ஒலி?"
தராசடியில் நின்ற ரன்வாவைக் கேட்டாள்.
"ஒலியா? அதற்கு ஒலி கிடையாது."
"பிறகு எதற்கு?"
ரன்வா கையுறையை உதறினாள், தண்ணீர் தெறித்தது.
"அது இல்லாவிட்டால் அவர் வேறு யாரோ."

கணினி பழையது, லினக்ஸ் ஓடுகிறது.
டெர்மினலில் ஒரு வரி, ஓர் என்டர்.
பகர அடைப்பு பொறித்த விசையைத் தட்டினாள்.
காலொடிந்து சாய்ந்த ப-வைப் போன்ற
அந்தக் கோட்டுக்கு அடியிலிருந்து
முதுகு வளைந்து எழுந்து வந்தது ð.

பத்து லேபிள் ஆகியிருக்கும்.
விசைகளின் இடுக்கில் செதில், உப்பு, ஏதோ பிசுக்கு.
வயரைப் பிடுங்கினாள், கவிழ்த்துத் தட்டினாள்,
துடைத்துத் திரும்பச் செருகினாள்.
பலகை எல்லாவற்றையும் மறந்திருந்தது.
அடைப்பைத் தட்டினால் அடைப்பு.

டெர்மினலில் இட்டது நீர்மேல் எழுத்து.
கல்மேல் எழுத ஒரு கோப்பு இருக்கிறது,
நிர்வாகிக்கு மட்டும் திறக்கும்.
திறந்தாள். pl என்றிருந்ததை அழித்தாள்,
fo என்று போட்டாள், சேமித்தாள்.
எதுவும் அசையவில்லை.
கோப்பு ஆமாம் என்கிறது, விரல் இல்லை என்கிறது.
கடைசியில்தான் புரிந்தது:
போய்விட்டு வரவேண்டும்.

போனாள்.
வரத்தான் முடியவில்லை.

கடவுச்சொல் அவள் ஊரில் ஹெர்ரிங் மீனின் பெயர்,
śledź, அவளுடைய ஐந்தெழுத்து.
தூக்கத்திலும் ஓதுகிற விரல்.
ஐந்து கரும்புள்ளி. தவறு.
நிதானமாக, ஐந்து கரும்புள்ளி. தவறு.
புள்ளிக்குப் பின்னால் என்ன எழுத்து ஒளிந்திருக்கிறதென்று
புள்ளியா சொல்லும்?

பெயர்க் கட்டத்தில் போட்டுப் பார்த்தாள், அங்கே மறைப்பு இல்லை:
ßled».
யாரோ மீனைக் கடித்து
வாலில் முள்ளைச் செருகியதுபோல் இருந்தது.

குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது.
கன்வேயர் நின்றுவிட்டது, இவளுக்காக.
ஒவ்வொரு விசையாகத் தட்டிக்கொண்டே போனாள்.
மேல்வரிசையின் கோடியில் ஒன்று ஊமை.
இரண்டு தரம் அழுத்தியிருந்தால் ஏதாவது வந்திருக்கும்,
ஒரு தரம்தான் அழுத்தினாள், வரவில்லை.
உப்பு தின்றுவிட்டது என்று நினைத்து s-க்குப் போனாள்.

ś.

கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.
உயிர் வரட்டும் என்று மெய் நிற்பதுபோல்
அடுத்த எழுத்துக்காக
வாய்மூடி நின்றிருக்கிறது அந்த விசை.
இந்த ஊர்க்காரர்கள் தங்கள் á-வுக்கும் ó-வுக்கும் வைத்தது.
அவள் ஊர் ś-க்கும் தயங்காமல் ஏறி உட்கார்ந்தது.
ź-க்கும்.

திரை திறந்தது.
நாற்பது லேபிள், ஆறரைக்குள்.

ஏழு மணிக்கு அவரே வந்தார்,
மழைக்கோட்டோடு, மன்னிப்புக் கேட்காத முகத்தோடு.
சூடு ஆறாத சீட்டில் ð-யின் மேல்
பெருவிரலை வைத்து எடுத்தார்.
பிறகு அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் படித்தார்:
"போகுமிலா?"

அதிலும் ஓர் எழுத்தின் குறுக்கே கோடு இருக்கிறது.
அவர் கண்ணில் படவில்லை.
"வா," என்றாள். "கடைசியில் வா."
"வா," என்றார் சந்தேகமாக,
ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றியபடி.

அவர் போனபின் கோப்பை மறுபடி திறந்தாள்.
fo-வை ஒட்டி ஒரு காற்புள்ளி,
காற்புள்ளியை ஒட்டி pl.
நடுவில் இடம் விடக்கூடாது, விட்டால் ஏற்காது.
சேமித்தாள்.

இன்னொரு முறை போய்விட்டு வரவேண்டும்.
கண் எரிகிறது.
நாளை இரவு பார்க்கலாம்.